மலையில் விளையாடலாமா?

மலைக்குப் போகிறவர்களைத் தமிழ்ச் சமூகம் இரண்டு வரிசையாகப் பிரித்துப் பார்க்கிறது. மாலை போட்டு, விரதம் இருந்து, இருமுடி சுமந்து ஏறுபவர்கள் ஒரு வரிசை. கியர் சைக்கிளில் கூடாரத்தையும் சமையல் சாமானையும் கட்டிக்கொண்டு நண்பர்களோடு ஏறுபவர்கள் இன்னொரு வரிசை. முன்னவர்களைக் கண்டால் வழிவிட்டுக் கும்பிடும் ஊர், பின்னவர்களைக் கண்டால் "வேலைவெட்டி இல்லையா?" என்று கேட்கிறது. கேள்வி எளிதாகத் தோன்றினாலும் அதன் அடியில் பழைய தத்துவச் சிக்கல் ஒன்று கிடக்கிறது. எந்தப் பலனையும் வேண்டாமல், மகிழ்ச்சிக்காக மட்டுமே மலையேறுவதற்குச் சமய நோக்கில் மதிப்பு ஏதும் உண்டா? அல்லது தெய்வம் குடியிருக்கும் இடத்தில் அது அத்துமீறலா?

இதைச் சோதித்துப் பார்க்க வைகை அணையைச் சுற்றியுள்ள நிலத்தைப் போல வேறோர் இடம் அமைவது அரிது. 1959இல் திறக்கப்பட்ட அந்த அணைக்குத் தெற்கே வருசநாட்டு மலைகள். வைகை பிறப்பது அங்கேதான். தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு, அதன் ஓரத்தில் மேகமலை. மேற்கே போடி, அதற்கு மேல் குரங்கணி. பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்துக்கு ஏறும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைச்சாலைகளும் சைக்கிள்காரர்களுக்குப் பிடித்தமானவை. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளில் ஏறி முடிப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. கார்த்திகையும் மார்கழியும் வந்துவிட்டால் இதே குமுளிச் சாலை ஐயப்ப பக்தர்களால் நிறைந்துவிடும். ஒரே சாலை, ஒரே ஏற்றம், ஒரே மூச்சிரைப்பு. வேறுபடுவது போகிறவர் சொல்லும் காரணம்.

இந்த வழியின் பழமை இரு வரிசையினருக்கும் முந்தையது. சிலப்பதிகாரக் கதையின்படி, மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் மலையில் வேங்கை மர நிழலில் நின்றாள். அங்கிருந்து அவள் விண்ணேறியதைக் கண்டவர்கள் மலைக்குறவர்கள். கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லையில் சிதைந்து நிற்கும் மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று 1963இல் அறிஞர் சி. கோவிந்தராசனார் அடையாளம் காட்டினார். இன்று அந்தக் கோயில் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும் திறக்கிறது. பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தோ, குமுளியிலிருந்து ஜீப்பிலோ போய், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். கண்ணகி இந்த மலைக்கு வந்தது விளையாடவும் இல்லை, சாமி கும்பிடவும் இல்லை. துக்கம் தாங்காமல் நடந்தாள். மலை அவளிடம் காரணம் கேட்கவில்லை, மலைமக்களும் கேட்கவில்லை. காரணம் கேட்டு மனிதரைத் தரம் பிரிப்பது சமவெளியின் பழக்கம்.

அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பது சாவு நேரும்போது தெரியும். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல், பலத்த காற்று, செங்குத்தான சரிவு. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள், பெண்கள் பலர். 23 உயிர்கள் போயின. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2011 ஜனவரி 14 அன்று, சபரிமலை மகரவிளக்கு தரிசனம் முடித்துத் திரும்பிய பக்தர்கள் இடுக்கி மாவட்டம் புல்மேட்டில் நெரிசலில் சிக்கி 100 பேருக்கு மேல் இறந்தார்கள். குமுளிச் சாலையில் ஏறிப்போகிறவர்கள் சேரும் மலைத்தொடர்தான் அதுவும். புல்மேட்டில் இறந்தவர்களைப் பற்றி "எதற்குப் போனார்கள்?" என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. குரங்கணியில் இறந்தவர்களைப் பற்றி அந்தக் கேள்வி, இரக்கத்தோடும் இரக்கமின்றியும், பல இடங்களில் எழுந்தது. பக்திக்காகச் செத்தால் புண்ணியம், மகிழ்ச்சிக்காகச் செத்தால் வீண் என்ற கணக்கு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்தக் கணக்குக்குத் தமிழ்ச் சமய மரபே இடம் கொடுப்பதில்லை.

விளையாட்டை இறைவனின் செயலாகவே கண்ட மரபு இது. முருகனின் ஆறு படைவீடுகளில் ஒன்றுக்குக் குன்றுதோறாடல் என்றே பெயர். குறிப்பிட்ட ஓர் ஊரைச் சுட்டாமல், அவன் ஆடிக் களிக்கும் குன்றெல்லாவற்றையும் அது சுட்டுகிறது. குறிஞ்சி நிலத்துத் தெய்வம் மலைமேல் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் தெய்வமல்ல, ஓடித்திரியும் பிள்ளை. மதுரைச் சொக்கநாதரின் செயல்கள் அறுபத்துநான்கையும் பரஞ்சோதி முனிவர் பாடியபோது, நூலின் பெயரும் திருவிளையாடல் ஆயிற்று.

அவற்றில் ஒன்று வைகைக் கரையில் நடக்கிறது. ஆற்றில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணை. ஆளில்லாத கிழவி வந்திக்காகச் சிவன் கூலியாளாக வருகிறான். கூலி, அவள் அவிக்கும் பிட்டில் உதிர்ந்தது. பிட்டைத் தின்றுவிட்டு வந்தவன் வேலை செய்தானா என்றால் இல்லை. ஆடினான், பாடினான், ஆற்றில் குதித்தான், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். அவன் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடந்தது. அரசன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன் முதுகு உட்பட எல்லா உயிர்மேலும் விழுந்தது. இன்றும் ஆவணி மூலத்தில் மதுரையில் பிட்டுத் திருவிழாவாக நடிக்கப்படும் கதை இது. பக்தர்கள் இதைக் கருணைக் கதையாகச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அதற்குள் விளையாட்டைப் பற்றிய கூர்மையான கருத்து ஒன்றும் இருக்கிறது. ஒருவன் ஆடும் ஆட்டம் அவனோடு முடிந்துவிடுவதில்லை. அதன் அடி எல்லார் முதுகிலும் விழும்.

இறைவன் ஏன் விளையாட வேண்டும்? வேதாந்திகளுக்கும் சித்தாந்திகளுக்கும் இது கடினமான கேள்வியாகவே இருந்தது. குறையொன்றுமில்லாதவன் உலகைப் படைத்தால், எதை நாடிப் படைத்தான்? பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லும் விடை, அது வெறும் லீலை என்பது. சங்கரர் தம் உரையில் உவமை காட்டுகிறார்: வேண்டியதெல்லாம் அடைந்துவிட்ட அரசன் பொழுதுபோக்க உலா போவதைப் போல, மூச்சு தானாக வந்துபோவதைப் போல. சைவ சித்தாந்தம் அத்துடன் நிற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், இறைவனின் தொழில்களை விளையாட்டு என்று சொல்வதும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, அந்த விளையாட்டு உயிர்களைக் கட்டியிருக்கும் மலத்தை நீக்கி முத்தி தருவதற்காகவே என்றும் சேர்க்கிறார். சங்கரர் விளையாட்டின் சுதந்திரத்தைக் காத்தார். அருணந்தி அதற்குப் பொறுப்பைக் கூட்டினார். மலையேறும் மனிதரைப் பொறுத்தவரை அருணந்தி காட்டும் வழியே ஏற்கத்தக்கது. இறைவன் குறைவற்றவன், மலை அவனுடையது. மனிதன் பசி, தாகம், வழி தெரியாமை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் நுழைகிறான். இறைவனின் விளையாட்டுக்கு விதி தேவைப்படவில்லை. மனிதனின் விளையாட்டுக்கு விதிதான் உயிர்.

மகிழ்ச்சிக்காக மலையேறுவதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1336 ஏப்ரல் 26 அன்று இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், பார்க்கும் ஆசை ஒன்றினாலேயே பிரான்சின் வான்தூ மலையில் ஏறினார். துணைக்கு யாரை அழைப்பது என்று நண்பர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, ஒருவரும் ஒத்துவராமல் தம்பியை அழைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். உச்சியில் நின்று, கையோடு கொண்டுபோன புனித அகஸ்டினின் நூலைத் திறந்தார். மனிதர்கள் மலைகளை வியக்கிறார்கள், தம்மைத் தாம் பார்ப்பதில்லை என்ற கருத்துள்ள பகுதி கண்ணில் பட்டது. வெட்கப்பட்டுப் பேசாமல் இறங்கினார். இன்று அதே வான்தூ, டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மிகக் கடினமான ஏற்றங்களில் ஒன்று.

தமிழ் மரபின் தயக்கம் வேறு வகை. மலையை வியப்பது அதற்குத் தவறில்லை, மிதிப்பதுதான் கூசுகிறது. காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்கிறது பெரிய புராணம். திருவண்ணாமலையில் மலையே லிங்கமாதலால் மக்கள் அதன்மேல் ஏறுவதைவிட அதை வலம் வருவதையே பெரிதாகக் கொள்கிறார்கள். அப்பர் கயிலைக்குப் போனது இன்னும் நெருக்கமான பாடம். பாதம் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் உந்தி, உருண்டும் போனவரை இறைவன் தடுத்து, ஒரு பொய்கையில் முழுகச் சொன்னான். அவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அங்கே கிடைத்தது. உச்சியை அடையாமல் திரும்பியவருக்கும் தரிசனம் உண்டு என்று ஒரு சமயம் சொல்லியிருக்கும்போது, மேகம் கருத்த பின்னும் "இன்னும் ரெண்டு வளைவுதான்" என்று நண்பர்களை இழுத்துக்கொண்டு போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மிதிப்பதைப் பற்றி எல்லாரையும்விட நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள் சமணர்கள். அவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்களே. உத்தமபாளையத்தை அடுத்த திருக்குணகிரிப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன, வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டிய சமணத் துறவி, மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கிவிடுவார். ஈரமண்ணில் புழுவும் பூச்சியும் முளையும் பெருகும் காலத்தில் கால் வைத்தால் உயிர்க்கொலை என்பதே காரணம். தீ மூட்டவும் மாட்டார். வெறும் பாறைப் படுக்கையில் இரவைக் கழித்த அந்தத் துறவிகளை, மலையில் முகாமிட்டோரின் முன்னோர் என்று கொள்வதில் பிழையில்லை.

சமணரின் மழைக்கால விதியை மலைச் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்த்தால் அது அப்படியே செல்லுகிறது. கலிபோர்னியாவின் தமல்பாய்ஸ் மலைச்சரிவுகளில் 1970களில் பழைய, தடித்த டயர் சைக்கிள்களை உருட்டி இளைஞர்கள் தொடங்கிய ஆட்டம் இது. மலைப்பாதையைச் சைக்கிள் கெடுக்கிறது என்ற புகாரும் கூடவே வளர்ந்தது. மொன்டானா மாநில மலைப்பாதைகளில் செய்யப்பட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வு, குதிரைக் குளம்பும் மனிதக் காலும் பெயர்த்த மண்ணைவிடச் சக்கரம் பெயர்த்தது குறைவு என்றது. ஆகவே சைக்கிள் மட்டுமே பாவி இல்லை. எப்படி ஓட்டுகிறார் என்பதில்தான் கேடு இருக்கிறது. இறக்கத்தில் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். நின்ற டயர் மண்ணைச் சீவிக்கொண்டே சறுக்கும். பாதை ஈரமாயிருந்தால் விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம் விழும். அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தையே வாய்க்காலாகப் பிடித்துக்கொண்டு ஓடும், இரண்டு மூன்று மழைக்குள் பாதை ஓடையாகிவிடும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, எடையைப் பின்தள்ளி, சக்கரம் உருண்டபடியே இறங்குகிறவர் அந்தக் கேட்டைச் செய்வதில்லை. பெயர்ந்த மண்ணுக்கும் போக்கிடம் ஒன்று உண்டு. வருசநாட்டுச் சரிவில் கரைவது வைகை அணைக்குள் வண்டலாகப் படிகிறது. அந்த அணை வண்டலால் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்திருக்கிறது. காட்டை அழித்ததே அதில் பெரும்பங்கு, சைக்கிளின் பங்கு மிகச் சிறியது. சிறியது என்பதால் கணக்கில் வராமல் போய்விடாது. வந்தியின் கதையில் அடி எல்லார் முதுகிலும் விழுந்ததைப் போல, மேலே ஆடியதன் விளைவு கீழே மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் போகும் தண்ணீரில் வந்து சேர்கிறது.

விதியோடு ஆடுவது எப்படி என்பதற்கு ஐயப்ப பக்தரின் இருமுடியைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒரே பையில் இரண்டு அறை. முன்முடியில் நெய்த் தேங்காய் முதலான பூசைப் பொருள், பின்முடியில் வழிக்கு வேண்டிய அரிசியும் பருப்பும். பிறருக்குரியது முன்னால், தனக்குரியது பின்னால், இரண்டும் ஒரே தலையில். எடைக்கு எல்லையும் உண்டு, தூக்க முடிந்ததுதான் உடைமை. சைக்கிளில் பையைக் கட்டுகிறவரும் அறிந்தோ அறியாமலோ இதையே செய்கிறார். கூடாரம், அரிசி, தண்ணீர், பஞ்சர் ஒட்டும் சாமான், காயத்துக்கு மருந்து. இவற்றில் பாதி தனக்கு, பாதி கூட வருகிறவருக்கு. நண்பனின் டயர் வெடித்தால் எடுக்கவேண்டிய டியூபைச் சுமப்பவர் முன்முடியைத்தான் சுமக்கிறார்.

கூட்டத்தை நடத்துவதிலும் இரண்டும் ஒத்திருக்கின்றன. மாலை போட்டவுடன் எல்லாரும் "சாமி" ஆகிவிடுகிறார்கள். முதலாளியும் சாமி, கடைப்பையனும் சாமி. பலமுறை போய்வந்த குருசாமி சொல்வதை மற்றவர்கள் கேட்கிறார்கள். முதன்முறை வரும் கன்னிசாமிக்குத் தனிக் கவனிப்பு. ஒழுங்கான சைக்கிள் குழுவிலும் அனுபவசாலி ஒருவர் முன்னால் போவார், இன்னொருவர் கடைசி ஆளுக்குப் பின்னால் வருவார், வேகத்தை மெதுவாக வருபவரே நிர்ணயிப்பார். நட்புக்கும் நட்பாராய்தலுக்கும் அடுத்தடுத்து அதிகாரம் வைத்தவர் வள்ளுவர். அந்த ஆராய்ச்சி ஊருக்குள் பல ஆண்டு எடுக்கும். கால் நடுங்க ஏறிய ஏற்றத்தில், கடைசிப் பாட்டில் தண்ணீரை யார் எப்படிக் குடிக்கிறார் என்பதில் ஒரே பகலில் முடிந்துவிடும். தம் நண்பர்களில் யாரும் மலைக்கு ஒத்துவரமாட்டார் என்று பெட்ரார்க் ஊரிலிருந்தே முடிவுகட்டியது அவசரம்தான்.

யாத்திரை என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் குற்றம் நீங்கிவிடாது. ஐயப்ப பக்தர்கள் உடுத்திய துணியைப் பம்பை ஆற்றிலேயே விட்டுவரும் பழக்கத்தை நிறுத்த நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. விரதம் இருந்தும் ஆற்றைக் கெடுத்தவர்கள் உண்டு, விரதம் என்ற சொல்லையே எடுக்காமல் மிட்டாய்த் தாளைக்கூட மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கியவர்களும் உண்டு. மலைக்குப் போவதைப் புனிதமாக்குவது ஒருவர் சொல்லும் காரணத்தைவிட அவர் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடே. கட்டுப்பாடுள்ள விளையாட்டு வழிபாட்டுக்குக் குறைந்ததில்லை. கட்டுப்பாடற்ற வழிபாடு அத்துமீறலுக்கு மேலானதும் இல்லை.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் விட்டுப்போகிற தரப்பு ஒன்று உண்டு. வருசநாட்டிலும் கம்பம் பள்ளத்தாக்கின் அடிவாரங்களிலும் வாழும் பளியர்களுக்கும், குரங்கணிக்கு மேலே வாழும் முதுவர்களுக்கும் மலை விளையாட்டுத் திடலும் இல்லை, யாத்திரைத் தலமும் இல்லை. அது வீடு. தேனும் கிழங்கும் தந்து வளர்த்த இடம், முன்னோர் தங்கியிருக்கும் இடம். குரங்கணித் தீயில் முதலில் ஓடிப்போய் உதவியவர்கள் உள்ளூர் மக்களே. பிறர் வீட்டுக்குப் போகிறவர் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவது தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய மரியாதையில்லை. மலைக்கு அந்தக் குரல், வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும்தான். மேகமலைக் காடு 2021 பிப்ரவரியிலிருந்து திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. நினைத்த இடத்தில் கூடாரம் அடித்து, விறகு பொறுக்கித் தீ மூட்டி இரவைக் கழிக்கும் இடமல்ல அது. முகாமிட விரும்புகிறவர்கள் காட்டை விட்டு, சமவெளியில் உரிமையாளரின் சம்மதத்தோடு தங்கிவிட்டு, பகலில் அனுமதியுள்ள சாலைகளில் மட்டும் ஏறி இறங்குவதே முறை.

குரங்கணிக்குப் பிறகு, 2018இலேயே, மலையேற்றத்தை முறைப்படுத்தத் தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 வழித்தடங்களோடு தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில், குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் வழியும் இருக்கிறது. இணையத்தில் பதிந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகவேண்டும். காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டு, 2025இல் அந்த வழித்தடங்கள் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டன. மார்ச் 11 அந்த இரண்டு மாதத்துக்குள் வரும் தேதி.